ஒரு 5,000 ரூபாய் நன்கொடையால் முடங்கிப்போன வட்டியில்லாக் கடன் நிதி

பைத்துல்மால் (ஊர்ப் பொது நிதி) பொறுப்பாளர்கள், வட்டியில்லாக் கடன் நிதி நடத்துகிற ஜமாஅத்துகள், நன்கொடை வாங்கி நடக்கும் சின்ன டிரஸ்டுகள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். எங்கள் நிதியின் வங்கிக் கணக்கு சுமார் மூன்று மாதம் முடங்கிக் கிடந்தது. கணக்கில் இருந்தது 7 லட்சம் ரூபாய்க்கு மேல். முடங்கியதற்குக் காரணம், ஒருவர் கியூஆர் கோடை ஸ்கேன் செய்து அனுப்பிய 5,000 ரூபாய். பொருளாளர் என்ற முறையில் எல்லா இடத்துக்கும் நான்தான் அலைந்தேன். எங்கே போக வேண்டும், என்ன காகிதம் கேட்பார்கள், யாரிடம் பேசினால் பயன் என்று சொல்ல ஒருவரும் இல்லை. யாராவது முன்கூட்டியே எழுதி வைத்திருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும்.

நிதியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் மஹல்லாவில் (பள்ளிவாசலைச் சேர்ந்த பகுதியில்) பல பெண்கள் மகளிர் குழுக் கடன், நகை அடகு, கந்துவட்டி என்று மூன்று பக்கமும் மாட்டிக்கொண்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. ஆனாலும் அவசரத்துக்குக் கை நீட்ட வேறு இடம் இல்லாதவர்கள் அங்கேதான் போகிறார்கள். வட்டியில்லாமல் நடக்கும் இஸ்லாமிய வங்கி இந்தியாவில் கிடையாது. பொருளாதார நிபுணர் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு 2008-ல் வட்டியில்லா வங்கிச் சேவைக்கு வழி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. இருக்கிற வங்கிகளிலேயே அதற்கென ஒரு தனிப் பிரிவு திறக்கலாம் என்ற யோசனையும் பின்னால் வந்தது. 2017-ல் ரிசர்வ் வங்கி அதை மேற்கொண்டு எடுத்துச் செல்வதில்லை என்று சொல்லிவிட்டது. ஆக, வட்டி கொடுக்கவும் மாட்டேன், வாங்கவும் மாட்டேன் என்கிற ஏழைக்கு இங்கே மிச்சம் இருப்பது ஊர் நிதிகள்தான். எங்களுடையது சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்தது. ஸதகாவும் (தர்மப் பணமும்) நன்கொடையும் சேர்த்து, நகையை ஈடாக வாங்கிக்கொண்டு 20,000, 30,000 என்று கடன் கொடுப்போம். பத்து மாதத் தவணை. வாங்கியதை மட்டும் திருப்பினால் போதும். பள்ளிவாசல் எதிரே பூ விற்கிற அம்மா உட்பட, முஸ்லிம் அல்லாதவர்களும் வாங்குகிறார்கள்.

2014-ல் ஜன்தன் திட்டம் வந்து எல்லார் வீட்டிலும் வங்கிக் கணக்கு ஆனது. 2016-ல் யுபிஐ வந்தது. எங்களைப் போன்ற நிதிக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்று சொல்லி மாளாது. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்து உட்கார்ந்தால் மாலை அஸர் தொழுகை வரை தவணை வசூல் நடக்கும். இப்போது பெண்கள் வீட்டிலிருந்தே போனில் அனுப்பிவிடுகிறார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் பையன்கள் சம்பளம் வந்த அன்றே நன்கொடை போட்டுவிடுகிறார்கள். இதில் ஒரு விஷயம் மட்டும் எனக்கு எப்போதும் உறுத்தும். ஜீரோ பேலன்ஸ் வசதி இருப்பது சேமிப்புக் கணக்கில். அதில் வட்டி தானாக வந்து விழும். வட்டியே வராத நடப்புக் கணக்கு வேண்டுமென்றால் பெரும்பாலும் குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டும், குறைந்தால் அபராதம். வட்டி வேண்டாம் என்கிறவர்தான் இங்கே கூடுதலாகச் செலவழிக்க வேண்டியிருக்கிறது. நாங்கள் நடப்புக் கணக்குதான் வைத்திருந்தோம்.

பிரச்சினை தெரிய வந்தது ஒரு கல்லூரிக் கட்டணத்தில். ஒரு ராத்தா (அக்கா) தன் மகளின் கட்டணத்துக்காக நகை வைத்திருந்தார். கடைசி நாள் நெருங்கிவிட்டது. நெட்பேங்கிங்கில் அனுப்பினால் போகவில்லை. ஆப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கிளைக்கே போனேன். கணினியைப் பார்த்த ஊழியர் முகம் மாறியது. "டெபிட் ஃப்ரீஸ் ஆகியிருக்கு சார். வேற மாநில சைபர் கிரைம்ல இருந்து வந்திருக்கு" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தாடி, தொப்பியோடு நிற்கிறேன், சைபர் கிரைம் என்று சத்தமாகச் சொல்கிறார்கள். அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட கூச்சத்தையும் பயத்தையும் மறைக்க விரும்பவில்லை. இரவு முழுக்கத் தூக்கம் இல்லை. என் பெயரில் வழக்கு இருக்கிறதா, கைது செய்வார்களா, என்ன ஏது என்று ஒன்றும் தெரியாது. இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கணக்கு முடக்கப்பட்டது என்பதாலேயே நீங்கள் குற்றவாளி ஆகிவிடவில்லை. பெரும்பாலும் உங்கள் பெயரில் வழக்கே இருக்காது. பணம் போன பாதையில் உங்கள் கணக்கும் வந்திருக்கும், அவ்வளவுதான்.

அந்தப் பாதை எப்படிப் போகிறது என்று புரிந்துகொள்ளவே எனக்கு நாள் பிடித்தது. ஆன்லைனில் ஏமாந்த ஒருவர் 1930 எண்ணுக்கு அழைக்கிறார், அல்லது சைபர் கிரைம் இணையதளத்தில் புகார் கொடுக்கிறார். அவர் பணம் எந்தக் கணக்குக்குப் போனது, அங்கிருந்து எங்கே பிரிந்தது என்று வங்கிகள் வழியாகத் தேடிக்கொண்டே போகிறார்கள். முதல் கணக்கு முதல் லேயர் (அடுக்கு), அடுத்தது இரண்டாவது லேயர் என்று எண்ணுவார்கள். எங்கள் நிதி அந்தச் சங்கிலியின் கடைசியில் எங்கோ இருந்தது. நடந்தது இதுதான்: வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பையன் தன் பழைய லேப்டாப்பை ஆன்லைனில் முன்பின் தெரியாத ஒருவருக்கு விற்றிருக்கிறான். வாங்கியவன் கொடுத்தது ஏமாற்றிய பணம். அது தெரியாமல் பையன் அதிலிருந்து 5,000 ரூபாயை நமக்கு ஸதகாவாக அனுப்பியிருக்கிறான். அவன் சம்பளக் கணக்கும் முடங்கிவிட்டது. போனில் என்னிடம், "என்னால உங்களுக்கும் இப்படி ஆயிடுச்சே பாய்" என்று அழுதான். பாவம், அவன் செய்தது நல்ல காரியம்.

வங்கியில் முதல் நாளே கேட்டு வாங்க வேண்டியவை இவை: எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம் அல்லது சைபர் பிரிவு, புகாரின் ஒப்புகை எண், விசாரணை அதிகாரியின் மின்னஞ்சல், எந்தப் பரிவர்த்தனை, எவ்வளவு தொகை. யுபிஐ பரிவர்த்தனை என்றால் அதற்கு 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அது கிடைத்தால் உங்கள் ஸ்டேட்மென்ட்டில் எந்த வரி என்று உடனே கண்டுபிடித்துவிடலாம். எனக்கு இதையெல்லாம் வாயால் சொன்னார்களே தவிர, எழுதித் தரவில்லை. மேலாளரிடம் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிய பிறகுதான் மின்னஞ்சலில் பதில் வந்தது. எதையும் எழுத்தில் கேளுங்கள். போலீஸ் போட்ட முடக்கத்தை ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மனால் (வாடிக்கையாளர் குறைதீர்ப்பாளரால்) எடுத்துவிட முடியாது. ஆனால் வங்கி விவரமே தராமல் இழுத்தடித்தால் அதைப் பற்றி அங்கே புகார் செய்ய வழி இருக்கிறது. 14448 என்ற எண்ணில் விசாரிக்கலாம்.

இன்னொன்று, உடனே செய்ய வேண்டியது. டெபிட் ஃப்ரீஸ் என்றால் பணம் வெளியே போகாது, ஆனால் உள்ளே வந்துகொண்டே இருக்கும். கடன் வாங்கியவர்கள் தவணையை வழக்கம்போல அனுப்புகிறார்கள், அது அப்படியே உள்ளே போய் மாட்டிக்கொள்கிறது. விஷயம் புரிந்த அன்று மாலையே பள்ளிவாசல் சுவரில், நன்கொடைப் பெட்டியில், வாட்ஸ்அப் குழுவில் என்று எல்லா இடத்திலும் இருந்த கியூஆர் கோடை எடுத்தோம். ஆனால் பலர் பழைய எண்ணைப் போனில் சேமித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொருவராக அழைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குள் இன்னும் 40,000 ரூபாய் அளவுக்கு உள்ளே போய்விட்டது. கணக்கிலிருந்து கொடுத்திருந்த காசோலைகள் இருந்தால் அவற்றை வாங்கியவர்களுக்கும் அன்றே தகவல் சொல்லிவிடுங்கள். திரும்பி வந்தால் அபராதம் ஒரு பக்கம், பெயர் கெடுவது இன்னொரு பக்கம்.

ஊரில் பேச்சு கிளம்பியது. "ஜமாஅத் பணத்தை போலீஸ் பிடிச்சிட்டாங்களாம்" என்பது இரண்டு தெரு தாண்டுவதற்குள் "நகையெல்லாம் போச்சாம்" என்றானது. நகை வைத்த பெண்கள் கூட்டமாக வந்துவிட்டார்கள். நகை வைத்திருக்கும் லாக்கருக்கும் இந்த முடக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? இரண்டு நிர்வாகிகள், நகை வைத்தவர்களில் மூத்த இரண்டு பெண்கள் என்று சேர்ந்து போய் லாக்கரைத் திறந்தோம். ஒவ்வொரு பையிலும் தைத்திருந்த துணிச்சீட்டில் டோக்கன் எண், எடை, பெயர் எல்லாம் பதிவேட்டோடு சரியாக இருந்தது. ஒரு பாட்டி தன் பையைக் கையில் வாங்கி, முடிச்சை அவிழ்க்காமலே வெளியிலிருந்து தடவிப் பார்த்து, "வளையல் ரெண்டும் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார். அவர்கள் ஊருக்குள் போய்ச் சொன்ன பிறகுதான் பேச்சு அடங்கியது. நிர்வாகிகள் ஆயிரம் விளக்கம் சொல்வதைவிட இது வேலை செய்தது.

கடன் கொடுப்பது மொத்தமாக நின்றது. ரொக்கமாகக் கொடுக்கலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனை ரொக்கமாக வாங்கவோ திருப்பவோ வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. மீறினால் அந்தத் தொகை அளவுக்கே அபராதம் வரலாம். ஏற்கெனவே ஒரு சிக்கலில் இருக்கும்போது இன்னொன்றை இழுத்துக்கொள்ளக் கூடாது என்று மறுத்துவிட்டோம். அந்தக் கல்லூரிக் கட்டணத்தை நிர்வாகிகள் நாங்கள் சொந்தப் பணத்தில் பகிர்ந்து கட்டினோம். வேறு சிலருக்கு அப்படிச் செய்ய எங்களிடம் வசதி இல்லை. அதில் இரண்டு பேர் மறுபடியும் வாராந்திர வட்டிக்காரரிடமே போனார்கள் என்று பிறகு தெரிந்தது. இந்த மூன்று மாதத்தில் என்னை அதிகம் வருத்திய விஷயம் இதுதான். ஒருவரை வட்டியிலிருந்து வெளியே கொண்டுவர வருடக்கணக்காகும். திரும்பிப் போக ஒரு வாரம் போதும்.

விசாரணை அதிகாரிக்கு நான் அனுப்பிய முதல் மின்னஞ்சல் நீளமாக, உருக்கமாக இருந்தது. பதில் இல்லை. இரண்டாவதை வேறு மாதிரி எழுதினேன்: மேலே ஒப்புகை எண், கீழே கணக்கு எண், தொகை, பரிவர்த்தனை எண், அதற்குக் கீழே கோரிக்கை ஒரே வரியில்: "சந்தேகத்துக்குரிய 5,000 ரூபாயை மட்டும் நிறுத்திவைத்து, மற்ற தொகை மீதான முடக்கத்தை நீக்க வங்கிக்கு அறிவுறுத்தவும்." கூடவே சங்கப் பதிவுச் சான்று, பான் அட்டை, ஆறு மாத ஸ்டேட்மென்ட், அந்த நன்கொடைக்குப் போட்ட ரசீது, நன்கொடைப் பதிவேட்டின் பக்கம், பொருளாளருக்கு அதிகாரம் அளித்த தீர்மானம். இதற்குப் பதில் வந்தது. அதிகாரியிடம் நூற்றுக்கணக்கில் இப்படிக் கோப்புகள் இருக்கும். எண்கள் முதல் நான்கு வரிக்குள் இருந்தால்தான் எடுத்துப் பார்ப்பார். அவர் பதில் தராவிட்டால், சைபர் கிரைம் இணையதளத்திலேயே ஒவ்வொரு மாநிலத்துக்கும் நோடல் அதிகாரி (பொறுப்பு அதிகாரி), குறைதீர் அதிகாரி யார் என்ற பட்டியல் இருக்கிறது. அவர்களுக்கும் நகல் அனுப்புங்கள்.

நடுவில் ஒரு நாள் ஒருவர் அழைத்தார். சைபர் கிரைமிலிருந்து பேசுவதாகச் சொன்னார், எங்கள் வங்கிப் பெயரைச் சரியாகச் சொன்னார், 15,000 ரூபாய் யுபிஐ செய்தால் அன்றே முடக்கத்தை எடுத்துவிடுவதாகச் சொன்னார். அலைந்து அலைந்து களைத்துப்போன நேரம் அது. நிர்வாகத்தில் ஒருவர், "குடுத்து விட்றலாம் பாய், வேலை முடியட்டும்" என்றார். கடிதம் அனுப்புங்கள், கொடுக்கிறோம் என்றேன். அந்த எண் அதன் பிறகு வரவில்லை. புகார் கொடுத்தவருக்கு நேராகப் பணத்தைத் திருப்பி அனுப்புங்கள், சமாதானம் ஆகிவிடும் என்று யாராவது சொன்னாலும் செய்யாதீர்கள். அதிகாரியின் எழுத்து மூலமான அறிவுறுத்தலோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட நகரக் கூடாது.

கடைசியில் வக்கீலிடம்தான் போனோம். அவர் சொன்னதில் எங்களுக்குப் புதிதாக இருந்தவை சில. கணக்கை முடக்க போலீஸ் பயன்படுத்துவது இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106-வது பிரிவு. பழைய சட்டத்தில் 102. முடக்கினால் அதைத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. தெரிவித்தார்களா என்று கேட்பது உங்கள் உரிமை. சந்தேகத் தொகை எவ்வளவு என்று தெரிந்த பிறகும் முழுக் கணக்கையும் பூட்டி வைப்பது சரியல்ல என்ற நிலைப்பாட்டை 2023-ல் கேரள உயர் நீதிமன்றமும், 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமும் எடுத்திருக்கின்றன. அந்த உத்தரவுகளைச் சுட்டிக்காட்டி வக்கீல் அந்த மாநில அதிகாரிக்கும், வங்கியின் சட்டப் பிரிவுக்கும் ஒரே நாளில் கடிதம் அனுப்பினார். அதுவும் பலிக்காவிட்டால் அங்கத்திய மாஜிஸ்திரேட் முன் மனு, அல்லது இங்கே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு என்று இரண்டையும் தயாராக வைத்திருந்தார். அந்த அளவுக்குப் போகவில்லை. சில வாரங்களில் அதிகாரியிடமிருந்து வங்கிக்கு மின்னஞ்சல் வந்தது. 5,000 ரூபாய்க்கு மட்டும் லீன் போட்டு (அந்தத் தொகையை மட்டும் எடுக்க முடியாதபடி நிறுத்திவைத்து) மற்றதை விடுவித்தார்கள். வக்கீல் கட்டணம், நேரில் ஒருமுறை அந்த மாநிலத்துக்குப் போய் வந்தது, நோட்டரி, தபால் எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய்க்குக் கிட்ட ஆனது. நிதிப் பணத்திலிருந்து எடுக்க மனம் வரவில்லை, நிர்வாகிகளே போட்டோம்.

1930 முறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் வழக்கில் ஏமாந்தவர் ஓய்வு பெற்ற ஒரு முதியவர் என்று அதிகாரி சொன்னார். அவர் பணத்தை மீட்க வேகமாகச் செயல்படத்தான் வேண்டும். ஆனால் 5,000 ரூபாய்க்காக 7 லட்சத்தைப் பூட்டுவதில் அவருக்கும் லாபம் இல்லை, எங்களை நம்பிய குடும்பங்களுக்குக் கேடு மட்டும்தான். தொகையை மட்டும் நிறுத்திவைக்கும் வழி ஏற்கெனவே இருக்கிறபோது அதை முதல் நாளே செய்யாதது எனக்கு இன்றும் கோபம் தருகிறது.

இப்போது எங்கள் ஏற்பாட்டை மாற்றியிருக்கிறோம். நன்கொடை வாங்க ஒரு வங்கி, கடன் கொடுக்கவும் தவணை வாங்கவும் வேறொரு வங்கி. ஜகாத் (கடமையான தானம்) எப்போதும் போலத் தனி. இரண்டு கணக்கு வைத்துவிட்டால் பூரண பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். நன்கொடைக் கணக்கிலிருந்து பணம் நகர்ந்தால் சங்கிலியும் கூடவே நகரலாம். ஆனாலும் ஒரே அடியில் எல்லாம் நிற்காது. கியூஆர் கோடை முகம் தெரியாத வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவதை நிறுத்திவிட்டோம். 2,000 ரூபாய்க்கு மேல் வரும் ஒவ்வொரு நன்கொடைக்கும் அனுப்பியவரை அழைத்துப் பெயர், ஊர் கேட்டு ரசீது போடுகிறோம். வெளிநாட்டிலிருந்து வந்தால் அனுப்பியவர் இந்தியக் குடிமகன்தானா என்றும் கேட்கிறோம், வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் தனியாக இருக்கிறது. "என்கிட்ட வெச்சுக்கோங்க, அப்புறம் வாங்கிக்கிறேன்" என்று டெபாசிட் போல யார் பணம் தந்தாலும் வாங்குவதில்லை. பதிவு இல்லாமல் டெபாசிட் திரட்டுவதைத் தடுக்க 2019-ல் சட்டம் வந்திருக்கிறது; நல்ல எண்ணத்தில் செய்தோம் என்பது அங்கே பதிலாகாது. பதிவுச் சான்று, பான், தீர்மானம், ஸ்டேட்மென்ட், ரசீதுப் பக்கங்கள் எல்லாம் ஸ்கேன் செய்து ஒரே கோப்பில், இரண்டு நிர்வாகிகளின் போனில் இருக்கிறது.

அந்த 5,000 ரூபாய் இன்னும் லீனில்தான் இருக்கிறது. பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டோம், உரிமையாளர் யார் என்று தெரிந்துவிட்ட பணம் அவருடையதுதான், நமக்கு அதில் பங்கில்லை என்றார். அதனால் எங்கள் பதிவேட்டில் நன்கொடை வரவிலிருந்து அதை நீக்கி, பிறர் பணம் என்று தனித் தலைப்பில் எழுதியிருக்கிறோம். அந்தத் தொகையைப் புகார்தாரருக்குத் திருப்பித் தருவதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று தீர்மானம் போட்டு, நகலை விசாரணை அதிகாரிக்கும் வங்கிக்கும் அனுப்பி, பெற்றுக்கொண்டதற்கான மின்னஞ்சலையும் அதே கோப்பில் சேர்த்துவிட்டோம். நீதிமன்ற உத்தரவு வந்ததும் வங்கியே அவருக்கு அனுப்பிவிடும்.